பழைய டிராக்டரில் பவர் ஸ்டியரிங் ஆயில் கசிவைச் சரிசெய்யும் முறை

பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்த டிராக்டரில் பவர் ஸ்டியரிங் ஆயில் ஒழுகத் தொடங்கினால், பெரும்பாலோர் முதலில் ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். அது கட்டுப்படியாகாத நிலை வரும்போது, நனைந்திருக்கும் இடத்தில் உள்ள சீலை, அதாவது ஆயிலைத் தடுக்கும் வளையத்தை, மாற்றிவிடுவார்கள். சீலை மாற்றுவது தேவையான வேலைதான் என்றாலும், அது ஏன் கெட்டது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால் அடுத்த நடவுக்குள் அதே இடம் மறுபடியும் நனைந்துவிடும். சேறு காய்ந்து கீறிய சிலிண்டர் ராடு, வரப்பில் இடித்து வளைந்த ராடு, மடிந்தோ அடைபட்டோ கிடக்கும் ரிட்டர்ன் ஹோஸ் (ஆயில் டப்பாவுக்குத் திரும்பும் குழாய்), ஆட்டம் கண்ட பம்ப் தண்டு என ஏதாவது ஒரு காரணம் அந்தச் சீலுக்குப் பின்னால் இருக்கும். ஆகவே கசியும் இடத்தையும், அது கசிவதற்கான காரணத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும்.

இங்கே சொல்லப்படுவது 35 முதல் 50 குதிரைத்திறன் வரையுள்ள, பின்சக்கரங்களால் மட்டும் இயங்கும் பழைய டிராக்டர்களுக்குப் பொருந்தும். இவற்றில் பவர் ஸ்டியரிங் இரண்டு வகையாக அமைந்திருக்கும். முதல் வகையில் ஸ்டியரிங் சக்கரத்துக்கும் முன்சக்கரங்களுக்கும் இடையே கம்பி, பல்சக்கரம் போன்ற நேரடி இணைப்பு எதுவும் கிடையாது. என்ஜினால் சுழலும் பம்ப் ஆயிலை ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள யூனிட்டுக்கு அனுப்ப, அந்த யூனிட் சக்கரத்தைத் திருப்பும் திசைக்கேற்ப ஆயிலை முன் அச்சில் சக்கரங்களைத் தள்ளித் திருப்பும் சிலிண்டரின் ஒரு பக்கத்துக்கு அளந்து விடும். பட்டறைகளில் இந்த யூனிட்டை ஆர்பிட்ரால் என்றும் சொல்வார்கள். இன்னொரு வகையில் பழைய ஸ்டியரிங் கியர் பெட்டி அப்படியே இருக்க, அதற்கு உதவியாக மட்டும் சிலிண்டர் வேலை செய்யும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது பாதுகாப்புக்காக அவசியம். இரண்டாம் வகையில் ஆயில் முழுதும் போய்விட்டாலும் ஸ்டியரிங் மிகக் கனமாகுமே தவிர, திரும்பும். முதல் வகையில் ஆயில் காலியானால் ஸ்டியரிங் சக்கரம் சும்மா சுற்றும், வண்டி நேராகப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே அத்தகைய டிராக்டரில் ஆயில் வேகமாகக் குறைந்தால், டிரெய்லரை மாட்டிக்கொண்டு சாலையில் ஏறக் கூடாது.

கசியும் இடத்தைக் கண்டுபிடித்தல்

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. சேறும் டீசலும் பழைய கிரீஸும் சேர்ந்து கெட்டிப்பட்ட நிலையில் எந்த ஆயில் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பம்ப், ஹோஸ்கள், ஸ்டியரிங் யூனிட், சிலிண்டர் ஆகிய நான்கையும் டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, காற்றடித்துக் காயவிட வேண்டும். ஆயில் டப்பாவின் மூடியையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையும் கழுவுவதற்கு முன் ஒரு பிளாஸ்டிக் தாளைக் கட்டிவிட்டால் அழுக்கு உள்ளே இறங்காது.

நன்றாகக் காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இணைப்புகளின் மேல் முகத்துக்குப் போடும் பவுடரை மெல்லியதாகத் தூவி, என்ஜினை ஸ்டார்ட் செய்து, உதவிக்கு ஒருவரை இருக்கையில் உட்காரவைத்து ஸ்டியரிங்கை இரு பக்கமும் மெதுவாகத் திருப்பச் சொல்லலாம். கசிவு இருக்கும் இடத்தில் வெள்ளைப் பவுடரின் மேல் ஈரக்கோடு ஒன்று தோன்றிக் கீழே இறங்கும்; அந்தக் கோட்டின் மேல்முனையே கசிவின் தொடக்கம். ரேடியேட்டர் விசிறியின் காற்று ஆயிலைப் பின்பக்கமாக அடித்துச் செல்லும் என்பதால், என்ஜினின் பக்கவாட்டில் ஆயில் படிந்திருந்தால் அதற்கு முன்னாலும் மேலேயும் உள்ள பாகங்களைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

இந்தச் சோதனையின்போது ஹோஸைக் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் மிக ஆபத்தானது. ஊசித்துளை அளவுள்ள ஓட்டையிலிருந்து வரும் ஆயில் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆனால் 100 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாயும் அந்தத் தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியில் முள் குத்தியது போல ஒரு புள்ளி மட்டுமே தெரியும், முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. சில மணி நேரத்தில் உள்ளே திசுக்கள் அழுகத் தொடங்கி விரலையோ கையையோ இழக்க நேரிடும். அப்படி நேர்ந்தால் மருந்துக்கடைக்குப் போய் நேரத்தை வீணாக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே போய், அழுத்தத்தில் வந்த ஆயில் உடம்புக்குள் போயிருக்கிறது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். கைக்குப் பதிலாக ஓர் அட்டைத் துண்டை ஹோஸின் ஓரமாக நகர்த்தினால், ஓட்டை உள்ள இடத்தில் அட்டை நனைந்துவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிவதும் நல்லது.

கசிவு எப்போது நடக்கிறது என்பதும் ஒரு துப்பு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் ஒழுகினால் அழுத்தம் ஏறும் பகுதியான பிரஷர் ஹோஸ், சிலிண்டருக்குப் போகும் இரு ஹோஸ்கள், சிலிண்டர் ராடின் சீல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வண்டி இரவெல்லாம் நின்றபின் காலையில் தரையில் பொட்டுப் பொட்டாக ஆயில் கிடந்து, ஓடும்போது ஒன்றும் தெரியாவிட்டால், டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் உறிஞ்சு ஹோஸின் கிளிப் தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஓடும்போது அந்த ஹோஸ் ஆயிலை வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். அதனால் பம்ப் முனகும், ஆயில் நுரைத்து டப்பாவின் மூடி வழியாகப் பொங்கி வழியும். டப்பா ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்தவர்கள் உண்டு. அங்கே தேவைப்பட்டது ஒரு ஹோஸ் கிளிப்.

இரண்டு கசிவுகள் வெளியே தெரியவே தெரியாது. பம்ப் என்ஜினின் டைமிங் கியரால் சுழலும் அமைப்பாக இருந்தால், பம்ப் தண்டின் சீல் கெடும்போது ஸ்டியரிங் ஆயில் நேராக என்ஜினுக்குள் இறங்கும். ஃபோர்டு 3000, 4000 போன்ற பழைய மாடல்களின் பவர் ஸ்டியரிங் பம்ப் இப்படிப்பட்டதே. ஸ்டியரிங் டப்பாவில் ஆயில் குறைகிறது, தரை காய்ந்திருக்கிறது, என்ஜின் ஆயில் அளவுகோலில் மட்டம் ஏறுகிறது என்றால் வேறு எதையும் தேட வேண்டியதில்லை. அந்த நிலையில் சீலோடு என்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியாக வேண்டும். இன்னொன்று சிலிண்டருக்குள் பிஸ்டன் சீல் தேய்வது. அதில் ஆயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகுமே தவிர டப்பாவில் குறையாது. சாலையில் நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி மெல்ல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவதுதான் அதன் அடையாளம்.

ஹோஸும் இணைப்புகளும்

எதைக் கழற்றுவதற்கு முன்னும் டிராக்டரைச் சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, என்ஜினை அணைத்து, ஸ்டியரிங்கை இரு பக்கமும் சில தடவை அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட வேண்டும். முன் அச்சைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. அச்சின் அடியில் ஸ்டாண்டோ உறுதியான மரக்கட்டையோ கொடுத்த பிறகே கீழே கை வைக்கலாம். ஹாலோ பிளாக் கல் பாரத்தில் நொறுங்கிவிடும்.

இணைப்பில் கசிவு இருந்தால் முதலில் மனம் போவது இன்னொரு சுற்று இறுக்குவதில்தான். ஹோஸின் முனை திரும்பிவிடாதபடி ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு மறு ஸ்பேனரால் மிதமாக இறுக்கிப் பார்க்கலாம்; அதற்கும் நிற்காவிட்டால் கழற்றிப் பார்ப்பதே முறை. ஆயில் போக நடுவில் துளையுள்ள பேஞ்சோ போல்ட்டின் இரு பக்கமும் உள்ள செம்பு வாஷர் ஒருமுறை நசுங்கியபின் மறுமுறை சரியாக உட்காராது. ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் உள்ள இணைப்பில் ரிங் தட்டையாகி, நகத்தால் கீறினால் வெடிக்கும் அளவுக்குக் கடினப்பட்டிருக்கும். இரண்டும் சில ரூபாய்ப் பொருள்கள்தாம், எப்போது கழற்றினாலும் புதிதே போட வேண்டும். கசிகிறதே என்று மரைகளில் டெஃப்லான் டேப் சுற்றுவது, ஷெல்லாக் தடவுவது இரண்டும் வேண்டாம். இத்தகைய இணைப்புகளில் ஆயிலைத் தடுப்பது மரை கிடையாது, அதன் முகப்பும் ரிங்கும்தான். பிய்ந்து வரும் டேப் இழை ஸ்டியரிங் யூனிட்டின் மெல்லிய வழிகளில் சிக்கிக்கொண்டால் கசிவைவிடப் பெரிய செலவு வரும்.

ஹோஸைப் பொறுத்தவரை, மேல் ரப்பரில் வெடிப்பு மட்டும் தெரிந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். உள்ளிருக்கும் கம்பிப் பின்னல் தெரிந்தாலோ, எங்காவது புடைத்திருந்தாலோ, முனையில் பிரஸ் செய்த இடத்தில் ஈரம் கசிந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். பழைய ஹோஸை அப்படியே எடுத்துக்கொண்டு ஹைட்ராலிக் ஹோஸ் பிரஸ் செய்யும் கடைக்குப் போனால், அதே நீளத்துக்கும் அதே முனைகளுக்கும் புதிது செய்து தருவார்கள். அங்கே கம்பிப் பின்னல் எத்தனை அடுக்கு என்று கேட்டு வாங்குவது நம் பொறுப்பு. 3/8 அங்குல ஹோஸில் ஒற்றைப் பின்னல் ஏறத்தாழ 180 பாரும், இரட்டைப் பின்னல் ஏறத்தாழ 330 பாரும் தாங்கும்; பிரஷர் பக்கத்துக்கு இரட்டைப் பின்னலைப் போடுவதே எனக்குச் சரியாகப் படுகிறது, விலை வேறுபாடு அப்படியொன்றும் அதிகமில்லை. இருபுற முனைகளின் வளைவும் ஒன்றுக்கொன்று எந்தக் கோணத்தில் இருந்தன என்பதைப் பழைய ஹோஸில் பெயிண்டால் குறித்துக் காட்டாவிட்டால், புதியது முறுக்கிக்கொண்டு உட்காரும். முறுக்கிய ஹோஸ் சீக்கிரம் வெடிக்கும். மாட்டிய பிறகு ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, ஹோஸ் அச்சிலோ டயரிலோ உரசுகிறதா என்று பார்த்துக் கிளாம்பு போட வேண்டும். பழைய ஹோஸ் தேய்ந்து ஓட்டையானது உரசியதால் என்றால், கிளாம்பு காணாமல் போன இடம் அருகிலேயே இருக்கும்.

சிலிண்டர்

நஞ்சை நிலத்தில் வேலை செய்யும் டிராக்டர்களில் அதிகம் ஒழுகுவது சிலிண்டர் ராடின் சீல்தான். கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிச் சேற்றுழவு ஓட்டும்போது முன் அச்சு முழுதும் சேற்றில் முங்கும். வேலை முடிந்து கழுவாமல் நிறுத்தினால் ராடின் மேல் சேறு காய்ந்து உப்புத்தாள் போலாகிவிடும். மறுநாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அது முதலில் வெளிப்பக்கமுள்ள, ராடைத் துடைக்கும் வைப்பர் சீலைத் தின்னும், பிறகு மணல் உள்ளே புகுந்து ஆயில் சீலைக் கீறும், கடைசியில் ராடின் குரோம் பூச்சையும் பதம் பார்க்கும்.

சிலிண்டரை அச்சிலிருந்து கழற்றும் முன், எந்த ஹோஸ் எந்தத் துளைக்குப் போகிறது என்று வண்ண டேப் சுற்றிக் குறித்துவிட வேண்டும். மாற்றி மாட்டினால் இடப்பக்கம் திருப்பும்போது வண்டி வலப்பக்கம் போகும். ஹோஸ் முனைகளையும் துளைகளையும் உடனே மூடிவிடுங்கள். சிலிண்டரின் வாயில் ராடு வெளிவரும் மூடியான கிளாண்டு சில மாடல்களில் மரையால் இறுகியிருக்கும், சிலவற்றில் சர்க்லிப் அல்லது கம்பி வளையத்தால் நிற்கும். மரைக் கிளாண்டைக் கழற்ற அதன் துளைகளுக்குப் பொருந்தும் ஊக்கு ஸ்பேனர் தேவை. பைப் ரெஞ்சால் கடித்துத் திருப்புவதும், உளியை வைத்துச் சுத்தியலால் அடிப்பதும் கிளாண்டைக் கெடுத்துவிடும். சுற்றிலும் வெல்டிங் செய்து மூடிய சிலிண்டராக இருந்தால் வீட்டில் பிரிக்கும் முயற்சி வேண்டாம்.

ராடை வெளியே இழுத்ததும் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் உருட்டிப் பார்க்க வேண்டும். நீளவாக்கில் விரல் நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் அந்த ராடில் எந்தச் சீலும் நிற்காது. நகம் மாட்டாத மெல்லிய கோடுகளை 1000 நம்பர் வாட்டர் பேப்பரை ஆயிலில் நனைத்து, ராடைச் சுற்றி வளைவாகத் தேய்த்து மழுக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் நாமே ஆயில் வெளியேற வாய்க்கால் வெட்டிக் கொடுத்ததாகிவிடும். குரோம் பெயர்ந்து குழி விழுந்திருந்தால் லேத் பட்டறையில் கொடுத்துக் கிரைண்டிங் செய்து மறுபடி ஹார்டு குரோம் போடலாம், அல்லது குரோம் போட்ட கம்பியாகவே வாங்கிப் புது ராடு கடைந்துகொள்ளலாம். அடுத்து, ராடைத் தடித்த கண்ணாடியின் மேலோ சமமான இரும்புத் தட்டின் மேலோ வைத்து உருட்டினால் வளைவு தெரிந்துவிடும். பழைய சீல் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, மறுபக்கம் புதிது போல இருந்தால், ராடு வளைந்திருக்கிறது அல்லது கிளாண்டில் ராடைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அதைச் சரிசெய்யாமல் சீல் மட்டும் மாற்றுவது வீண்.

சீல் கிட் கிடைக்காத மாடலுக்குக் கலங்க வேண்டியதில்லை. பழைய சீலின் மேல் 30, 40, 7 என்பதுபோல மூன்று எண்கள் இருந்தால் அவை உள்விட்டம், வெளிவிட்டம், உயரம். எண் அழிந்திருந்தால் சீலை அளக்காமல் ராடின் விட்டத்தையும் சீல் உட்காரும் பள்ளத்தையும் வெர்னியரால் அளந்து, பேரிங், ஆயில் சீல் விற்கும் கடையில் கொடுக்கலாம். பழைய சீல் ஊறியோ சுருங்கியோ இருக்கும், அதன் அளவு ஏமாற்றும். சுழலும் தண்டுக்கான சாதாரண ஆயில் சீலையும், அழுத்தம் தாங்கும் ஹைட்ராலிக் சீலையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முன்னதைச் சிலிண்டரில் போட்டால் முதல் திருப்பத்திலேயே பிதுங்கிவிடும்.

மாட்டும்போது கைகளும் மேசையும் சுத்தமாக இருக்க வேண்டும். வெளிப்பக்கம் துடைக்கப் பனியன் வேஸ்ட் போதும், ஆனால் அதன் நூல் பிரிந்து ஒட்டும் என்பதால் உள்பாகங்களுக்கு நூல் விடாத துணியையே பயன்படுத்த வேண்டும். பாலியூரித்தேன் சீல் விறைப்பாக இருந்தால் சுடுநீரில் சில நிமிடம் போட்டெடுத்து, முந்திரிக் கொட்டை வடிவில் மடித்து உள்ளே நுழைத்தால் பள்ளத்தில் தானாக விரிந்து உட்காரும். திருப்புளியால் நெம்பினால் உதடு கிழியும். ஆயில் சீலின் உதடு ஆயில் இருக்கும் உள்பக்கத்தையும், வைப்பரின் உதடு வெளிப்பக்கத்தையும் பார்த்திருக்க வேண்டும். ராடின் மரைமேல் டேப் சுற்றி, ஆயில் தடவிய பின்பு கிளாண்டை நுழைத்தால் மரையின் கூர் சீலை அறுக்காது. ராடு சீலை மாற்றப் பிரித்த சிலிண்டரில் பிஸ்டன் சீலையும் கையோடு மாற்றிவிடுவது நல்லது, இன்னொரு முறை பிரிக்கும் உழைப்பு மிஞ்சும்.

பம்பும் ஸ்டியரிங் யூனிட்டும்

பம்ப் தண்டின் சீலை மாற்றுமுன் தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பார்க்க வேண்டும். கையில் ஆட்டம் தெரிந்தால் உள்ளே புஷ்கள் தேய்ந்துவிட்டன. அந்தப் பம்புக்குப் புதுச் சீல் போட்டும் பலன் இராது. ஆட்டம் இல்லாமல், சீலின் உதடு உட்காரும் இடத்தில் தண்டில் ஒரு பள்ளம் மட்டும் விழுந்திருந்தால், இடமிருக்கும் பட்சத்தில் புதுச் சீலை ஒரு மில்லிமீட்டர் உள்ளேயோ வெளியேயோ தள்ளி உட்காரவைத்தால் அதன் உதடு தேயாத இடத்தில் படும். ஆயில் டப்பா பம்போடு சேர்ந்தே இருக்கும் அமைப்பில் அவற்றுக்கிடையே உள்ள ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும். பம்ப் உடலில் விரிசல் இருந்தால் அதன்மேல் எம்-சீல் அப்புவது பயன் தராது.

டேஷ்போர்டின் அடியில், ஓட்டுநரின் கால் பக்கமாக ஆயில் இறங்கினால் ஸ்டியரிங் யூனிட்டின் மேல் சீல் போயிருக்கிறது. இந்தச் சீல் ரிட்டர்ன் பக்கத்துக் குறைந்த அழுத்தத்தை மட்டுமே தாங்கும்படி அமைந்தது. ரிட்டர்ன் ஹோஸ் மடிந்திருந்தாலோ, டப்பாவின் ஃபில்டர் அடைத்திருந்தாலோ, ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் இந்தச் சீலைத்தான் பிதுக்கிக்கொண்டு வரும். ஆகவே ஹோஸையும் ஃபில்டரையும் பார்த்த பிறகே யூனிட்டில் கை வைக்க வேண்டும். யூனிட்டின் அடித்தட்டுகளுக்கு இடையே கசிந்தால், பக்கவாட்டில் ஒரு கோடு கீறி அடையாளம் வைத்து, போல்ட்டுகளைக் கழற்றி ஓ-ரிங்குகளை மாற்றலாம் என்றாலும், நான் இதை ஹைட்ராலிக் பட்டறையில் கொடுக்கச் சொல்வேன். பல மாடல்களில் ஒரு போல்ட் துளைக்குள் சிறு குண்டு ஒன்று இருக்கும், கவிழ்த்ததும் அது உருண்டு தொலையும். உள்ளே இருக்கும் பல்சக்கரமும் தண்டும் ஒரு பல் மாறி உட்கார்ந்தாலும், என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் சக்கரம் தானாகவே சுழல ஆரம்பித்து ஓட்டுநரின் கையை முறித்துவிடக்கூடும்.

ஆயில் நிரப்புதலும் காற்று எடுத்தலும்

எந்த ஆயில் என்பதை டிராக்டரின் கையேடே சொல்ல வேண்டும். சில மாடல்களுக்கு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பெட்டிக்கான ஆயில்), சிலவற்றுக்கு 68 கிரேடு ஹைட்ராலிக் ஆயில், சிலவற்றில் கியர் பெட்டிக்கும் ஸ்டியரிங்குக்கும் ஒரே ஆயில். முன்பு ஊற்றியது என்னவென்று தெரியாவிட்டால் கலக்காமல் முழுதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவது நல்லது. பிரேக் ஆயிலை மட்டும் ஒருபோதும் ஊற்றக் கூடாது. அது பவர் ஸ்டியரிங்கில் உள்ள நைட்ரைல் ரப்பர் சீல்களை ஊறவைத்து உப்பச் செய்துவிடும். கசிவை நிறுத்தும் மருந்து என்று கடைகளில் விற்கப்படுவதும் இதே வேலையைக் கொஞ்சம் மெதுவாகச் செய்கிறது. அறுவடை நடுவில் நாலு நாள் ஓட்ட வேண்டிய கட்டாயம் தவிர அதற்கு இடமில்லை.

ஆயிலை நிரப்பி, முன்சக்கரங்கள் தரையில் படாதபடி அச்சைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஸ்டியரிங்கைச் சில சுற்றுகள் இரு பக்கமும் திருப்ப வேண்டும். பிறகு ஐடிலில் ஓடவிட்டு, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகத் திருப்பிக்கொண்டே டப்பாவைப் பார்த்து ஆயில் சேர்க்கலாம். கோடியில் போய் அழுத்திப் பிடிக்கக் கூடாது. அங்கே அழுத்தம் எல்லை மீறும்போது திறக்கும் ரிலீஃப் வால்வு திறந்து ஆயில் வேகமாகச் சூடேறும். நுரை அடங்கி, சத்தம் நின்று, திருப்பம் ஒரே சீராக வந்தால் காற்று முழுதும் வெளியேறிவிட்டது. மட்டத்தைக் கோட்டுக்கு மேல் நிரப்பினால், சூடேறியதும் பொங்கி வழிந்து, சரிசெய்த பிறகும் ஒழுகுகிறது என்று எண்ணவைக்கும்.

ஸ்டியரிங் கனமாக இருக்கிறது என்று முன்பு யாராவது ரிலீஃப் வால்வில் வாஷர் வைத்து அழுத்தத்தைக் கூட்டியிருந்தால், புதுச் சீல்களும் பழையவற்றின் வழியே போய்விடும். ஹைட்ராலிக் பட்டறையில் 250 பார் கேஜை மாட்டிக் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம். ஒரு நாள் வேலைக்குப் பிறகு எல்லா இணைப்புகளையும் துடைத்து மறுபடி பார்த்து, முதல் 50 மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஃபில்டரை மாற்றுவது நல்லது. பிரித்துப் பூட்டியதில் உள்ளே போன தூசும், பழைய சீலின் துணுக்குகளும் அதில்தான் வந்து சேரும். வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ கொட்டாமல் டின்னில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.